எண்ணெயை ஆராய்ந்தார்கள், கையை ஆராயவில்லை

இரண்டாம் உலகப்போர்க்கால இந்திய அறிவியலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். போர் மூண்டது. கப்பல் போக்குவரத்து சிக்கலானது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ரசாயனம், சாயம், மசகெண்ணெய் எல்லாம் தட்டுப்பாடாயின. வைஸ்ராயின் நிர்வாக சபையில் வர்த்தகத் துறையைக் கவனித்த ஆற்காடு ராமசாமி முதலியார் வற்புறுத்தியதன் பேரில் 1940 ஏப்ரல் 1 அன்று அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைந்தது. முதலியார் அதன் தலைவர், வேதியியலாளர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதன் இயக்குநர், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் நிதி. இரண்டே ஆண்டுகளில் பலுசிஸ்தான் கந்தகத்தைச் சுத்தம் செய்யும் முறை, நச்சுவாயு புகாத துணி, தாவர எண்ணெய் கலந்த எரிபொருளும் மசகெண்ணெயும், ராணுவச் சீருடைக்கான சாயம் என்று வரிசையாகப் பொருள்கள் வெளிவந்தன. 1942 செப்டம்பர் 26 அன்று அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., உருவானது. சுதந்திர இந்தியாவின் தேசிய ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை.

இந்தக் கதையில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் அதில் பொருள் இருக்கிறது, ஆய்வாளர் இருக்கிறார், அரசு இருக்கிறது. அந்தப் பொருளை மரத்தடியிலிருந்து பொறுக்கியவர், உடைத்தவர், பிரித்தவர், சுமந்தவர் யாரும் இல்லை. அவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். "மூலப்பொருள்" என்ற சொல் வரும்போது அவர்களுடைய உழைப்பு அந்தச் சொல்லுக்குள் அடங்கிக் காணாமல் போய்விடுகிறது. காட்டில் தானாக விளைந்து, தானாக நடந்து ஆய்வுக்கூட வாசலுக்கு வந்து நின்றதுபோல் மூலப்பொருள் பேசப்படுகிறது.

பெண்ணிய வாசிப்பு என்றால் விடுபட்ட பெண் பெயர்களைத் தேடிச் சேர்ப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தேவையான வேலை. அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: போர்க்கால ஆய்வு எதையெல்லாம் கேள்வியாக எடுத்துக்கொண்டது, எதை ஒரு கேள்வியாகவே கருதவில்லை? இதை ஆய்க்குடி, தென்காசிப் பக்கமிருந்து கேட்டால் கேள்வி இன்னும் தெளிவாகும். ஏனென்றால் இந்தக் கதையின் இரண்டு முக்கியமான பொருள்கள் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. ஒன்று சேராங்கொட்டை. மற்றொன்று முந்திரிக்கொட்டை.

சேராங்கொட்டைக்குத் தெரிந்தது

குற்றாலம், தென்காசி நாட்டு மருந்துக் கடைகளில் சேராங்கொட்டையைக் கேட்டு வாங்கலாம். சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் சுத்தி செய்யாமல் அதைத் தொடக்கூடாது. அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளம் கிளம்பும். அந்தப் பாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. துணியில் பட்டுக் காய்ந்தால் கறுப்பாகிவிடும். சுண்ணாம்பும் சேர்ந்தால் எத்தனை முறை வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. அதனால்தான் சலவைத் தொழிலாளர்கள் அதைத் துணிக்குக் குறி போடப் பயன்படுத்தினார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி, இன்னொரு வீட்டுக்கு ஒரு கோடு. ஆங்கிலேயர்கள் அதை "தோபிக் கொட்டை" என்று அழைத்ததற்கும் இதுவே காரணம்.

சலவை குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்த தொழில். வீடு வீடாகப் போய் அழுக்கெடுத்து, பிரித்து, குறி பார்த்து, மறுபடி அந்தந்த வீட்டில் சேர்த்ததில் பெண்களின் பங்கு பெரியது. தென்மாவட்டங்களில் தலித் மக்களின் துணியை வெளுத்த புதிரை வண்ணார் பெண்கள் பிள்ளைப்பேற்றுத் துணியையும் தீட்டுத் துணியையும் சுமந்தவர்கள். எந்தப் பால் காற்றுப் பட்டால் கறுக்கும், எது சுண்ணாம்போடு சேர்ந்தால் நிலைக்கும், எவ்வளவு பட்டால் கை வேகும் என்பதெல்லாம் இவர்களுடைய அன்றாடப் புழக்கத்தில் இருந்த அறிவு.

பட்நாகரின் நிறுவனத்தில் சேர்ந்த வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி போன்றோர் 1940களில் இந்தக் கொட்டையைத்தான் ஆய்வுக்கு எடுத்தார்கள். வட இந்தியாவில் அதன் பெயர் பிலாவான். அதன் சாற்றிலிருந்து வார்னிஷ், எனாமல் முதலிய பூச்சுகள் செய்ய முடியுமா என்பது கேள்வி. இறக்குமதிப் பிசின்கள் கிடைக்காத காலத்தில் அது நியாயமான கேள்விதான். இந்தச் சாறு ஃபீனால் வகையைச் சேர்ந்தது. சூடாக்கி, ஃபார்மால்டிஹைடு போன்றவற்றோடு சேர்த்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். இறுகிய பிறகு தண்ணீரும் அமிலமும் எளிதில் அதைத் தொடாது, மின்சாரமும் கடக்காது.

சலவைத் தொழிலாளிப் பெண்ணே பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தாள் என்று நான் சொல்ல வரவில்லை. மூலக்கூறு எப்படிப் பின்னுகிறது என்பது ஆய்வுக்கூடம் புதிதாகச் சேர்த்த அறிவு. ஆனால் இந்தச் சாறு கறுத்து, இறுகி, தண்ணீரை எதிர்த்து நிற்கும் என்ற முதல் தகவல் ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. துணியில் போட்ட குறி அழியவில்லை என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் வேறு. அந்தச் சோதனைக்கு ஆவணம் கிடையாது, காப்புரிமை கிடையாது. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த நாளிலிருந்துதான் அந்தப் பொருளின் வரலாறு எழுதப்படுகிறது. அதற்கு முந்தைய காலம் "வழக்கம்" என்ற ஒரு சொல்லில் முடிந்துபோகிறது.

கணவாய்க்கு அந்தப் பக்கம்

சேராங்கொட்டையும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரியின் ஓட்டுக்குள்ளும் அதேபோல் தோலைப் பொசுக்கும் எண்ணெய் இருக்கிறது. நம் பக்கத்தில் அண்டிப்பருப்பு என்று சொன்னால்தான் வயதானவர்களுக்குப் புரியும். அந்த அண்டியை உடைக்கும் தொழிற்சாலையைக் குமரி மாவட்டத்தில் இன்றும் "அண்டி ஆபீஸ்" என்கிறார்கள். அதன் தலைநகரம் கொல்லம். 1904இல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு ரயில் வந்தபிறகு, நமக்கும் கொல்லத்துக்கும் இடையே இருந்த மலை ஒரு நாள் பயணத் தடையாகக்கூட இல்லாமல் போனது. செங்கோட்டையே அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர்தான்.

கொல்லத்து முந்திரித் தொழிற்சாலைகள் 1930களில் வேகமாகப் பெருகின. அமெரிக்கர்கள் முதலில் கேட்டது பருப்பை. அதற்குள் நியூயார்க்கில் மார்ட்டிமர் ஹார்வி என்ற வேதியியலாளர் முந்திரி ஓட்டெண்ணெயிலிருந்து பிசின் செய்யும் முறைகளுக்குக் காப்புரிமை பெறத் தொடங்கியிருந்தார். அந்தப் பிசின் கார், லாரிகளின் பிரேக் பட்டைக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. பிரேக் பிடிக்கும்போது எழும் சூட்டில் அது உருகி வழியாமல் சீராக உராய்ந்து தேய்ந்தது. மின்கம்பிகளின் காப்புப் பூச்சுக்கும் அது உதவியது. போர் வந்ததும் லாரியும் டாங்கியும் விமானமும் பெருகின. அமெரிக்கா முந்திரி ஓட்டெண்ணெயைப் போருக்கு வேண்டிய பொருளாகவே நடத்தியது. நொறுக்குத் தீனி என்று ஒதுக்கியிருக்கக்கூடிய முந்திரிக்குக் கப்பலில் இடம் கிடைத்தது இந்த எண்ணெயின் தயவால்தான்.

ஸ்வீடனைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர் அன்னா லிண்ட்பர்க், கேரள முந்திரித் தொழிலாளப் பெண்களைப் பற்றி 2001இல் வெளியிட்ட ஆய்வு நம் வாசிப்புக்கு முக்கியமானது. 1930 தொடங்கி எழுபதாண்டு வரலாற்றை அவர் எழுதினார். தொழிற்சாலை ஆவணங்களோடு நிற்காமல், மூன்று தலைமுறைப் பெண்களிடம் பேசி எழுதினார். அண்டி ஆபீசுக்குள் சாதி எப்படி இடம் பிரித்துக் கொடுத்தது என்பதை அந்த நூல் காட்டுகிறது. எண்ணெய் தெறிக்கும் உடைப்புப் பகுதியில் பெரும்பாலும் தலித் பெண்கள். தோல் உரிக்கும் பகுதியில் ஈழவப் பெண்கள் அதிகம். கையில் கறை படாமல் பருப்பைத் தரம் பிரிக்கும் பகுதியில் நாயர் முதலிய சாதிப் பெண்கள். வறுப்பது ஆண்களின் வேலை. ஆணின் சம்பளம் குடும்பம் நடத்துவதற்கானது, பெண்ணின் கூலி உபரியானது என்ற நினைப்பு முதலாளிகளிடம் மட்டுமல்லாமல் தொழிற்சங்கங்களிடமும் இருந்தது என்பதை லிண்ட்பர்க் விடாமல் சுட்டிக்காட்டுகிறார். நவீனமாகிக்கொண்டே போன ஒரு தொழிலில், பெண் தொழிலாளி மேலும் மேலும் "சார்ந்திருப்பவள்" ஆக்கப்பட்டாள் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

உடைப்பு என்பது இப்படி நடக்கும். வறுத்த கொட்டையைக் கல்லின் மேல் வைத்து, சிறிய மரக்கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. முழுப் பருப்புக்குத்தான் விலை. உடைத்தெடுத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு உட்காருவார்கள். வறுத்தபிறகும் ஓட்டில் மீந்திருக்கும் எண்ணெய் விரலைக் கறுக்க வைக்கும், தோலை உரிக்கும். கையுறை போட்டால் விரலின் நுணுக்கம் போய்விடும், வேகம் குறையும், கூலி குறையும். ஆகவே கையுறையா கூலியா என்ற தேர்வு அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது.

இந்த இடத்தில்தான் போர்க்கால ஆய்வைப் பற்றிய நம் கேள்வி வருகிறது. ஒரே எண்ணெய். அது பிரேக் பட்டையில் என்ன செய்யும் என்பதை அறிய நிபுணர்கள், நிதி, காப்புரிமை, கப்பல் இடம் எல்லாம் கிடைத்தன. அது ஒரு பெண்ணின் விரலில் என்ன செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அதைத் தடுப்பது எப்படி என்பது அந்த அளவுக்கு நிதியும் நிபுணரும் பெறத்தக்க கேள்வியாகவில்லை. சாம்பலும் விளக்கெண்ணெயும் பெண்கள் தாங்களே கண்ட தீர்வு. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் அண்டி ஆபீஸ்களில் அதே சாம்பலும் அதே விளக்கெண்ணெயும் இருந்தன. பிரேக் பட்டை மட்டும் பல தலைமுறை மேம்பட்டுவிட்டது.

லிண்ட்பர்க் நூலின் குறை என்று நான் கருதுவது இதையொட்டியது. கூலி, சங்கம், திருமணம், சீதனம் எல்லாவற்றையும் இவ்வளவு நுட்பமாகத் தொடும் நூலில், அந்த எண்ணெய் போய்ச் சேர்ந்த ஆய்வுக்கூடம் எட்டத்திலேயே நிற்கிறது. சந்தைக்கு உள்ள இடம் அறிவியலுக்கு இல்லை. ஆகவே உடைக்கும் பெண் அங்கே ஒரு தொழிலாளியாக முழுமையாகத் தெரிகிறாள். ஒரு பொருளின் குணத்தை அறிந்தவளாகப் போதிய அளவு தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்துக்குள் இருந்த பெண்

இதற்கு எதிர்முனையில் இருக்கும் நூல் ஆபா சூர் எழுதி நவயானா வெளியிட்ட "டிஸ்பர்ஸ்டு ரேடியன்ஸ்" (2011). சாதி, பாலினம், நவீன அறிவியல் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசிய அந்த நூல், சி.வி. ராமனின் பெங்களூரு ஆய்வுக்கூடத்தில் இருந்த லலிதா சந்திரசேகர், சுனந்தா பாய், அன்னா மணி ஆகியோரைப் பற்றிய பகுதிக்காகவே மாணவிகள் கட்டாயம் வாசிக்க வேண்டியது.

அன்னா மணி 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். அதுவும் நமக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான். சென்னையில் படித்து, 1940இல் உதவித்தொகை பெற்று இந்திய அறிவியல் கழகத்தில் ராமனிடம் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உள்வாங்கி எப்படி வெளிவிடுகின்றன என்பது அவருடைய ஆய்வு. ஒரு நிறமாலைப் படம் எடுக்கப் பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி விழ வேண்டியிருந்ததால் ஆய்வுக்கூடத்திலேயே தூங்கிய இரவுகள் உண்டு. 1942க்கும் 1945க்கும் இடையில் தன் பெயரில் மட்டும் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லிப் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. அந்த ஏடு பெங்களூரிலேயே தங்கிவிட்டது.

ராமனின் கூடத்தில் ஆணும் பெண்ணும் பேசிப் பழகுவதற்குக் கடுமையான தடை இருந்தது என்பதையும், சக ஆய்வாளர்களோடு நடக்கும் விவாதம் என்ற ஆய்வின் உயிர்நாடியிலிருந்து பெண்கள் எப்படி ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்பதையும் ஆபா சூர் எழுதுகிறார். அதைவிட முக்கியமாக, தன்னைப் பாதிக்கப்பட்டவளாகப் பார்ப்பதை அன்னா மணியே விரும்பவில்லை என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறார். பட்டம் இல்லாதது தன் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பது அன்னா மணியின் நிலைப்பாடு. ஒரு பெண்ணிய ஆய்வாளர் தன் வாதத்துக்கு ஒத்துவராத குரலை இப்படி மதிப்போடு எடுத்துக்கொள்வது நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பண்பு.

அன்னா மணியின் வைர ஆய்வு போருக்காகச் செய்யப்பட்டதன்று. ஆனால் போர் முடிந்த தறுவாயில் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு அவருக்குக் கிடைத்த அரசு உதவித்தொகை, இயற்பியலுக்குக் கிடைக்கவில்லை. வானிலைக் கருவிகளுக்குக் கிடைத்தது. அரசு எதை ஆராயச் சொன்னதோ அந்தப் பக்கம் அவர் போனார், போய் இந்திய வானிலைத் துறைக்கு வேண்டிய ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிட்ட பெண்ணுக்குக்கூட அந்த உரிமை முழுதாகக் கிடைக்கவில்லை.

ஆபா சூரின் நூலில் சாதி மையமாக இருக்கிறது. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட களம் ஆய்வுக்கூடமும் பல்கலைக்கழகமும். அங்கே வந்துசேர்ந்த பொருள்கள் எந்தக் கைகள் வழியாக வந்தன என்பது அந்த நூலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஒரு நூலில் அண்டி ஆபீஸ், இன்னொன்றில் ஆய்வுக்கூடம். ஒன்று தொழிலாளர் வரலாற்று அலமாரிக்கும் மற்றொன்று அறிவியல் வரலாற்று அலமாரிக்கும் போய்விடுகின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஒரே நிலக்கரி

அப்படிச் சேர்த்து வாசித்தால் என்ன தெரியும் என்பதற்கு நிலக்கரி நல்ல எடுத்துக்காட்டு.

1942இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்ற இளம் பெண் லண்டன் அருகே பிரிட்டிஷ் நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் டி.என்.ஏ. படத்துக்காகப் புகழ்பெற்றவர் இவர்தான். நிலக்கரிக்குள் இருக்கும் நுண்துளைகள் எவ்வளவு சிறியவை, எந்த மூலக்கூறு உள்ளே போகும், எது போகாது என்று அவர் அளந்தார். நச்சுவாயு முகமூடிக்கான கரிக்கும் எரிபொருளுக்கும் இது தேவைப்பட்ட அறிவு. அந்த ஆய்வே 1945இல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் முனைவர் பட்டத்தைத் தந்தது. அதே போர்க்காலத்தில் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர், லிபர்ட்டி வகைக் கப்பல்கள் ஏன் திடீரென்று பிளக்கின்றன என்று ஆராய்ந்து, குளிரில் அந்த எஃகு நொறுங்கும் தன்மையை அடைவதே காரணம் என்று காட்டினார். ஆண்கள் போர்முனைக்குப் போனதால் திறந்த கதவு அது. கதவு கொஞ்சம் திறந்தபோது பெண்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இவர்கள் சான்று.

அடுத்த ஆண்டு, 1943இல், இந்தியப் பெண்களுக்கும் நிலக்கரியில் ஒரு கதவு திறந்தது. அது சுரங்கத்தின் கதவு. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக்கூடாது என்று 1930களில் நடைமுறைக்கு வந்திருந்த தடையை, போருக்கு நிலக்கரி போதவில்லை என்று சொல்லி அரசு நீக்கியது. வங்காளம், பீகார், மத்திய மாகாணச் சுரங்கங்களில் ஆதிவாசி, தலித் பெண்கள் மறுபடி கீழே இறங்கினார்கள். அகில இந்திய மாதர் மாநாடு எதிர்த்தது. 1946இல்தான் தடை திரும்ப வந்தது.

ஒரே பேரரசு, ஒரே போர், ஒரே பொருள். ஒரு பெண் அதன் துளைகளை அளக்க, ஆயிரக்கணக்கான பெண்கள் அதைத் தலையில் சுமந்தார்கள். ஃபிராங்க்ளினைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவரும் தன் நாட்டில் போராடி இடம்பிடித்தவர். ஆனால் "போர் பெண்களுக்கு அறிவியலின் கதவைத் திறந்தது" என்ற வாக்கியத்தை நம் பாடநூலிலும் கட்டுரையிலும் எழுதும்போது, எந்தப் பெண்களுக்கு, எந்தக் கதவு என்று கேட்காமல் விட முடியாது. காலனி நாட்டுப் பெண்ணுக்கு, அதிலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணுக்கு, போர் திறந்துவிட்டது வேறொரு கதவை.

மைக்காவிலும் இதே நிலைதான். ரேடியோ, ரேடார் கருவிகளுக்கு மைக்கா இல்லாமல் முடியாது. உலகுக்கே இந்தியாதான் முக்கியமான வழங்குநர். கோடர்மாவிலும், அன்றைய சென்னை மாகாணத்தின் கூடூர்ப் பகுதியிலும் அது வெட்டியெடுக்கப்பட்டது. அதைக் கத்தியால் மெல்லிய ஏடு ஏடாகப் பிரிக்கும் வேலையில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். இயந்திரம் எளிதில் ஈடுசெய்ய முடியாத திறன் அது. ஆனாலும் அது "கூலி வேலை" என்றே எழுதப்பட்டது.

இரண்டு மறுப்புகள்

போர் ஒரு நெருக்கடி, அப்போது யாருடைய கையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்று ஒரு மறுப்பு வரலாம். நெருக்கடியில்தான் ஒரு சமூகத்தின் முன்னுரிமைகள் தெளிவாக வெளிப்படும் என்பது என் பதில். மேலும் போர் 1945இல் முடிந்துவிட்டது. போர்க்காலத்தில் வகுத்த திட்டத்தின்படி தேசிய ஆய்வுக்கூடங்கள் எழும்பின. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் நிதியிலும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் அது திறக்கப்பட்டது. தோல், உலோகம், எரிபொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையம் வந்தது. பொருளின் பெயரில் நிலையம் அமைப்பது போர்க்காலப் பழக்கம். அமைதி வந்தபிறகும் அந்தப் பழக்கம் நீடித்தது.

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். உழைக்கும் பெண்ணின் அறிவைப் போற்ற வேண்டும், அதுவே மாற்று அறிவியல் என்பார்கள். இதில் எனக்குத் தயக்கம் உண்டு. சாம்பல் பூசினால் கை கொஞ்சம் தப்பும் என்ற அறிவு, கையுறையும் நல்ல கூலியும் மறுக்கப்பட்டதால் பிறந்தது. தீட்டுத் துணியை எப்படி வெளுப்பது என்ற அறிவு, வேறு தொழிலுக்குப் போக விடாததால் சேர்ந்தது. அதை அறிவு என்று ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்குரிய இடத்தை வரலாற்றில் தர வேண்டும். ஆனால் அதை மரபுச் செல்வம் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டாடினால், வெந்த கையை மறுபடி மறைத்தவர்களாவோம். அந்த அறிவுக்குச் செலுத்த வேண்டிய மரியாதை, அது இனித் தேவைப்படாத நிலையை உண்டாக்குவதுதான்.

நம் திண்ணையில்

இந்த வாசிப்பை இன்றைக்குக் கொண்டுவர அதிகத் தூரம் போக வேண்டாம். ஆய்க்குடி, தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் மடியில் முறத்தோடு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்காமல் நடக்க முடியாது. புகையிலைக்கென்று 1947இல் ராஜமுந்திரியில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நல்ல இலை, நல்ல விளைச்சல், பூச்சிக் கட்டுப்பாடு என்று அது ஆராய்ந்தது. நாள் முழுக்க அந்தத் தூளைச் சுவாசித்து, குனிந்தே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மூச்சுக்கும் முதுகுக்கும் அந்தப் பெயரில் ஒரு நிலையம் இல்லை. முந்திரி எண்ணெயில் பார்த்த அதே பிரிவினைதான் இது. பொருளுக்கு நிறுவனம், கைக்குச் சாம்பல்.

2022 ஆகஸ்டில் சி.எஸ்.ஐ.ஆரின் தலைமை இயக்குநராக ந. கலைச்செல்வி பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அம்பாசமுத்திரப் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்து, காரைக்குடி நிலையத்தில் லித்தியம் மின்கலன்களை ஆராய்ந்து, அதன் இயக்குநராகி, டெல்லி சென்றவர். 1940இல் ராமசாமி முதலியாரும் பட்நாகரும் தொடங்கிய ஒரு கதையில் இப்படியொரு பக்கம் வந்தது நம் மாணவிகளுக்குப் பெரிய ஊக்கம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இன்று மறுபடி நாடுகள் லித்தியம், கோபால்ட், அரிய மண் தனிமங்கள் என்று போர்க்கால மொழியில் பேசத் தொடங்கிவிட்டன. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மறுபடியும் பொருளின் பெயரில் நிதி ஒதுக்கப்படும், நிலையங்கள் எழும்பும், ஆய்வேடுகள் எழுதப்படும். அவற்றை எழுதப் போகிறவர்களில் இதை வாசிக்கும் சிலரும் இருப்பீர்கள். அப்போது ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் "மூலப்பொருள்" என்று ஒரு தலைப்பு வரும். அதன் கீழே பொருளின் குணங்களை எழுதுவதற்கு முன்னால், அதை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் யார், அது அவர்கள் உடம்பில் என்ன செய்கிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள். வழிகாட்டி அதை வெட்டச் சொல்லலாம். ஏன் வெட்ட வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்.